மொட்டைமாடிச் சாவியும் பட்டியலில் இல்லாத கோளும்

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரும் என் மனைவியின் உடன்பிறந்த தம்பியுமாகிய உங்களுக்கு, மூன்றாம் மாடியிலிருந்து அத்தான் எழுதுவது.

நலம் விசாரிக்கவில்லை, நீங்கள் நலமாக இருப்பதைத் தினமும் படிக்கட்டில் பார்க்கிறேன். நான் நலமாக இல்லை. மொட்டைமாடிக் கதவுக்கு நீங்கள் போட்ட பூட்டுதான் காரணம்.

தொலைநோக்கி வாங்கி, யாரிடமும் பாடம் கேட்காமல், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன் நான். பொழுது சாய்ந்ததும் வானத்தில் ஊரும் வெளிச்சம் விட்டுவிட்டு மின்னினால் விமானம். சத்தமில்லாமல் ஒரே சீராகப் போனால் செயற்கைக்கோள். போகிற போக்கில் அணைந்தால் பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. இதில் யாருக்கு இடைஞ்சல்? செயலாளர் மரியாதை இத்தோடு போதும், உன் அக்காதான் கெடுத்தாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா, "சாயங்காலமானா உங்க வீட்டுக்காரர் மாடியில என்னக்கா பண்றார்?" என்று கேட்டதற்கு, "வேறென்ன, கோள்தான்!" என்றிருக்கிறாள். 'செயற்கை'யை விழுங்கிவிட்டாள். மறுநாளே நான் வீடுவீடாக எட்டிப் பார்த்துக் கோள் சொல்கிறேன் என்று பேச்சு. எதிர்வீட்டுப் பல் மருத்துவர் சமையலறைக்குக்கூடத் திரை போட்டுவிட்டார். சங்கக் கூட்டத்தில் எழுந்து, "அம்மா, இது அந்தக் கோள் இல்லை, உலகத்தையே சுத்தி வர்ற கோள்" என்றேன். "உலகம் பூரா சுத்துதுன்னு அவரே ஒத்துக்கிட்டார், கேட்டுக்குங்க!" என்றார் தையல்காரம்மா. நீ எனக்காக ஒரு வார்த்தை பேசினாயா? "எதுக்கு அத்தான் வம்பு, பூட்டிடலாம். சாவி என்கிட்டயே இருக்கட்டும்" என்றாய். அப்படி என்ன அவசரம் உனக்கு!

அதற்காக வானத்தை விட்டுவிடுவேனா? எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். "பெரியவரே, ஏறுறீங்களா இல்லையா?" என்று ஓட்டுநர்கள் எரிந்து விழுகிறார்கள். "நான் மேல போறதைப் பார்க்க வந்தவன்பா, நீ போ" என்பேன். அங்கிருந்துதான் அதைக் கண்டுபிடித்தேன். நம் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டினாற்போல், நல்ல சிவப்பு. பளிச்சென்று எரிந்து, மங்கி, மறுபடி பளிச்சென்று எரிகிறது. ஆயுள் முடிந்த ராக்கெட் துண்டு உருண்டுகொண்டே போனால் இப்படித்தான் தெரியும். ஆனால் இது நகர்வதே இல்லை. சற்று நேரத்தில் பட்டென்று அணைகிறது. கைப்பேசிச் செயலியின் பட்டியலில் இல்லவே இல்லை. விடுமுறை நாட்களில் தோன்றுவதுமில்லை. ஆகவே ஏதோ ஓர் அரசாங்கத்துடையது என்று முடிவுக்கு வந்திருக்கிறேன்.

இது என்னவென்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிட்டத்தில் பார்க்க வேண்டும். சாவியைக் கொடு. நான் கோள் சொல்பவன் அல்ல. இத்தனை வருடத்தில் உன்னைப் பற்றி உன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கானது சாவி வந்த பிறகு.

இப்படிக்கு,
பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், அது தோன்றும் நேரம் பார்த்துப் படியேறிப் போனேன். பூட்டைக் காணோம், கதவு அந்தப் பக்கம் தாழிட்டிருந்தது. இடுக்கில் கண்ணை வைத்தேன். சிவப்பாக எரிந்தது, மங்கியது, பிறகு இருமியது. எந்த நாட்டுச் செயற்கைக்கோளும் இருமாது. புகையே கூடாதென்று மருத்துவர் சொன்ன அன்று, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தவன் நீ. ஆகவே என் கண்டுபிடிப்பைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. 'நான் கோள் சொல்பவன் அல்ல' என்ற வரியை மட்டும் நாளைச் சாயங்காலம்வரை விட்டுவை. அதற்குள் சாவி வராவிட்டால் அதையும் அடித்துவிடலாம்.