யாருடைய தொப்புள்?

ரமத்கான்
வியாழக்கிழமை

பேர்ஷேவாவில் சுகமாக இருக்கும் அன்புள்ள வயலெட் அக்காவுக்கு, தம்பி சஸ்ஸோன் மரியாதையுடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், பெரியவன் வாரம் ஒருமுறையாவது போன் செய்கிறான் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி ஜார்ஜெட் நலம். நான் நலமாக இல்லை. காரணம் உங்கள் செல்ல மருமகள், என் மகள் ரினத்.

அவள் கவிதை எழுதுவது உங்களுக்குத் தெரியும். ஆசையையும் அரசியலையும் ஒரே கட்டிலில் படுக்க வைத்து எழுதுவாள் என்பார்கள். நான் எதையும் படிக்காமலேயே பெருமைப்பட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். போன வெள்ளிக்கிழமை பத்திரிகையின் இலக்கியப் பக்கத்தில் ஒன்று வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் மீன் சுற்றுகிறவர்களைத்தான் நம் ஜெபக்கூடத்தில் பார்த்திருக்கிறேன், அன்றைக்கென்று அத்தனை பேரும் படித்துத் தொலைத்துவிட்டார்கள். காரியதரிசி ஹெஸ்கேல் சிவப்பு மையில் இரண்டு வரிகளை அடிக்கோடிட்டு எல்லோருக்கும் காட்டினான், அசிங்கம் என்று சொல்லிச் சொல்லி மறுபடி மறுபடி வாசித்தும் காட்டினான். ஒன்றில் தொடை, இன்னொன்றில் தொப்புள். "இந்தக் கவிதை புத்தகத்துல வராதுன்னு உங்க பொண்ணு சொல்லணும் அண்ணே. இல்லேன்னா சனிக்கிழமை உங்கப்பா நினைவு நாளுக்கு வேதம் வாசிக்க உங்களைக் கூப்பிட மாட்டோம்" என்று வாசலில் வைத்தே சொல்லிவிட்டான். அக்கா, நம் அப்பாவுக்கு நான் வாசிக்காமல் வேறு யார் வாசிப்பது?

பேப்பரைத் தூக்கிக்கொண்டு ரினத் வீட்டுக்கு ஓடினேன். கத்தரிக்காய் வறுத்துக்கொண்டிருந்தவள் பார்த்துவிட்டு அப்படிச் சிரிக்கிறாள். "அப்பா, இந்த ரெண்டு வரியும் நான் எழுதினதே இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணை மூடிக்கிட்டு, ஆடி ஆடிப் பாடுறீங்களே, வேதத்துல வர்ற காதல் பாட்டு, அதுலேர்ந்து எடுத்தது" என்கிறாள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். இருக்கிறது அக்கா! இத்தனை வருஷம் பாடியிருக்கேன், தொப்புள் வருதுன்னு நேத்துதான் தெரியும். உடனே ஹெஸ்கேலிடம் போய்ச் சொன்னேன். அவன் அசரவேயில்லை. "வேதத்துல வர்ற பொண்ணுன்னா இஸ்ரவேல் தேசம்னு அர்த்தம், அது தேசத்தோட தொப்புள் அண்ணே. உங்க பொண்ணு எழுதினா அது உங்க பொண்ணோட தொப்புள்!"

சரிடா, கீழே அவளே சொந்தமாக எழுதின வரி ஒன்று இருக்கிறதே, நம் சிப்பாய்கள் சோதனைச் சாவடியில் பிரசவ வலியோடு நிறுத்தி வைத்த அரபுப் பெண்ணைப் பற்றி, அதற்கு ஏன் சிவப்பு மை இல்லை என்று கேட்டேன். "அது அரசியல். பத்திரிகைன்னா நாலு போடுவான். அதுக்கெல்லாம் யாரு கோபப்படுறது?" என்றான். அவன் நியாயம் எப்படியோ போகட்டும், நம் அப்பா நினைவு நாளாயிற்றே அக்கா. நீங்கள் சொன்னால் ரினத் கேட்பாள். போன் போட்டு நல்லாத் திட்டுங்க, அழக்கூடச் செய்யுங்க, அந்தக் கவிதையை எடுத்துடச் சொல்லுங்க. இல்லேன்னா நான் வெளியில தலைகாட்ட முடியாது.

நூற்றிருபது வயது வரை சொந்தப் பற்களோடு இருந்து எங்களை ஆசீர்வதியுங்கள். குழந்தைகளுக்கு முத்தங்கள்.

உங்கள் தம்பி,
சஸ்ஸோன்

பி.கு. (ஞாயிற்றுக்கிழமை): தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன், நல்லதாகப் போயிற்று. ரினத்தைத் திட்ட வேண்டாம். அவள் ஒத்துக்கொண்டாள் என்று ஹெஸ்கேலிடம் ஒரு பொய் சொன்னேன், நேற்று என்னை வாசிக்கக் கூப்பிட்டார்கள். வாசித்து முடித்து, அப்பா நினைவாக இரண்டு வார்த்தை சொல்கிறேன் என்று நின்றவன், என்ன தோன்றியதோ, வேதம் வாசிக்கிற அதே ராகத்தில் அவளுடைய வரியைப் பாடிவிட்டேன்: "சாவடியிலே கர்ப்பிணியின் வயிற்றைத் தடுத்த கை, இரவிலே என் வயிற்றைத் தேடி வருகிறது; கழுவிவிட்டு வா, என் அன்பனே." கூடம் முழுக்க "ஆமென்" என்றது. ஹெஸ்கேல்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான். அது வேதத்தில் எந்த அதிகாரம் என்று பிறகு கேட்டான், ரினத் எழுதினது என்று சொன்னேன். சொல்லிவிட்ட ஆமெனைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று விசாரிக்க இப்போது ராபி வீட்டுக்குப் போயிருக்கிறான்.