பகல் தூக்கத்தின் வாடகை

பகல் தூக்கத்துக்குக் காலேப் கொடுத்த விலை மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய்.

சிவகாசி ஆஸ்பத்திரி ஒன்றில் ராத்திரி டூட்டி பார்க்கும் நர்ஸ் அவன். முன்பு குடியிருந்த வீட்டுக்குப் பின்னால், பட்டாசு கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடித்துப் பார்க்கும் பொட்டல். கண்ணை மூடினால் காதுக்குள் தீபாவளி. அதனால்தான் வாடகையில் ஆயிரத்து இருநூறு கூடக் கொடுத்து, விருதுநகரில் கல்லூரிக்குப் பின்பக்கமிருந்த இந்தப் பழைய முட்டுச்சந்துக்கு வந்தான்.

நீலக் கதவு. வாசலின் மேல் கவிந்த காகிதப்பூ. மாடி ஜன்னலில் கலர் கண்ணாடி. காலையில் படுத்தால் ஒன்பது மணிக்குப் பாதத்தில் சிவப்பு வெளிச்சம் விழும். பதினொன்றுக்கு வயிற்றின் மேல் பச்சை ஏறும். இரண்டரைக்குத் தலையணையில் நீலம் வந்து கரையும். நீலம் வரைக்கும் தூங்கிவிட்டால் அன்றைக்கு ஊசி போடும்போது கை நடுங்காது. போன வாரம் நோயாளிக்குச் சுற்ற வேண்டிய பி.பி. பட்டையைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டு தூங்கிவிட்டான். இன்னொரு தரம் தூங்கினால் வேலை கிடையாது என்று தலைமை நர்ஸ் பியூலா சொல்லிவிட்டார்.

ஆனால் இன்றைக்கும் பச்சையிலேயே விழிப்பு வந்துவிட்டது.

"ஏலே, அந்தப் பூவுக்குக் கீழ நில்லுலே! கதவும் விழணும் போட்டோவுல!"

கல்லூரிப் பிள்ளைகள். காலேப் கைலியை இறுக்கிக்கொண்டு இறங்கிப் போய்க் கதவைத் திறந்தான்.

"மனுசன் தூங்க வேண்டாமா? போங்கலே அங்கிட்டு!"

சிரித்துக்கொண்டே போனார்கள்.

வீட்டுச் சொந்தக்காரி பாலம்மாள் சந்து முனையில் வேம்படியில் சர்பத் கடை போட்டிருந்தாள். அவளிடம் முறையிட்டான்.

"ஒரு போர்டு மாட்டுங்க தம்பி. படிக்கிற பிள்ளைக, படிச்சுப் பாத்துட்டுப் போயிரும்."

'இங்கே படம் எடுக்கக் கூடாது' என்று மாட்டினான். மறுநாள் போர்டைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள்.

"அப்பத் தண்ணிய ஊத்துங்க" என்றாள் பாலம்மாள்.

மாடியிலிருந்து ஒரு வாளி ஊற்றினான். விருதுநகர் வெயிலில் சிதறிய தண்ணீருக்குள் முழ நீளத்துக்கு ஒரு வானவில் மிதந்தது. காலேப்பே ஒரு நிமிடம் சொக்கி நின்றான்.

"இன்னொரு வாளிண்ணே!" என்று கீழே கைதட்டல். மறுநாள் துண்டோடு வந்தார்கள்.

"நீங்க கத்துறது பத்தாது தம்பி. அடிவயித்துலருந்து வரணும். தினம் ஒரே நேரத்துல கத்துங்க. அப்பத்தான் பிள்ளைகளுக்கு ஒரு பயம் இருக்கும்."

பதினோரு மணிக்குக் கத்த ஆரம்பித்தான். நாலே நாளில் தொண்டை கட்டியது. பாலம்மாள் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள்.

"தொண்டையப் பாத்துக்கிடுங்க தம்பி. அதுதான் முக்கியம்."

எந்த வீட்டுக்காரி இப்படிச் செய்வாள் என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா அக்கா, கூட்டம் கூடுதே தவிரக் குறையலையே?"

"பயம் உள்ள இறங்க நாளாகும்ல?"

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே காலேப் பாதித் தூக்கத்தில் நடந்தான். இடிந்து விழுந்தாலும் இன்றைக்கு எழுந்திருப்பதில்லை என்று படுத்தான்.

சிவப்பு வந்தது. போனது. பச்சை வந்தது. சந்தில் ஒரு சத்தம் இல்லை. எங்கோ ஒரு முறை "உஷ்ஷ்" என்று கேட்டது. அது கனவில் கடலாகிக் கரையைத் தொட்டுத் திரும்பியது. அந்தக் கடலில் அவன் தலையணையோடு மிதந்தான். மேலே காகிதப்பூக்கள் மேகமாகப் போயின. பியூலா சிஸ்டர் ஒரு மேகத்திலிருந்து எட்டிப் பார்த்து, "தூங்குப்பா" என்றார். நீலம் மெல்ல வந்து அவன் கன்னத்தில் படுத்துக்கொண்டது.

தானாகவே விழித்தான். மணி மூன்று. கையை நீட்டிப் பார்த்தான். ஒரு விரல்கூட நடுங்கவில்லை. கொடுத்த வாடகையெல்லாம் இன்றைக்கு ஒரே நாளில் வசூலாகிவிட்டது என்று தோன்றியது.

கதவை யாரோ பூப்போலத் தட்டினார்கள். இறங்கிப் போய்த் திறந்தான்.

சந்து நிறையப் பிள்ளைகள், கையில் காலி டம்ளரோடு, வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் பணிவாக எழுந்து நின்றாள்.

"அண்ணே, நல்லாத் தூங்குனீகளா? இப்பக் கத்துவீக, இப்பக் கத்துவீகன்னு பதினோரு மணியிலருந்து மூச்சு விடாம உக்காந்திருக்கோம். சர்பத் கடை அக்கா டிக்கெட்டுக் காசை வாங்கிக்கிட்டு, இருக்கன்குடி கோயிலுக்குப் பஸ் ஏறிட்டாக. இருபத்து மூணு பேரு, ஆளுக்கு முப்பது ரூவா. சர்பத்துக்குப் பத்தைக் கழிச்சாலும், நானூத்தி அறுபது ரூவாய்க்கு நீங்க கத்த வேண்டியது பாக்கி நிக்குதுண்ணே."