முன்வரிசைக்கு ஒரு எஞ்சின்

பெரிய எஞ்சினை இறக்கி வைத்ததும் காரின் மூக்கு மூன்று அங்குலம் தாழ்ந்தது.

“காரு உன்னைக் கும்பிடுதுக்கா,” என்றான் லியோ. வெர்னாவின் தம்பி, மிஷிகனில் பழைய கார்களுக்கென்றே பட்டறை வைத்திருப்பவன். “பழைய சின்ன எஞ்சினையே மாட்டிடறேன். அறுபது கிலோ கம்மி. பூனை மாதிரி ஓடும்.”

“அந்தப் பூனையாலதான்டா ஏழு வருஷமா குப்பைத்தொட்டி பக்கத்துல நிக்கறேன்.”

வியாழன்தோறும் ஊர்க்காரர்கள் தங்கள் பழைய கார்களை ஹாட் டாக் கடை முன்னால் நிறுத்தி, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்வார்கள். பெரிய எஞ்சின் கார்களுக்கு முன்வரிசை. சின்னவை பின்னால், குப்பைத்தொட்டியோரம். பழைய கார் சங்கத் தலைவர் ராய்ஸ் போட்ட சட்டம்.

“பெரிய எஞ்சின் முரட்டுக் குதிரை. பொம்பளைக் கை தாங்காதும்மா,” என்று போன வாரம் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார் ராய்ஸ்.

பனியில் அறுபது பிள்ளைகளோடு பள்ளிப் பேருந்து ஓட்டும் கை வெர்னாவுடையது. மறுநாளே எஞ்சின் வாங்கிவிட்டாள்.

“வலுவான ஸ்பிரிங் போடு,” என்றாள்.

போட்டான். மூக்கு நிமிர்ந்தது. இரண்டாவது தெருவிலேயே ரேடியேட்டர் கொதித்தது.

“பெருசா ஒண்ணு வை.”

வைத்தான். விசிறி அதில் இடித்தது. எஞ்சினையே கொஞ்சம் தூக்கி உட்கார வைத்தான். இப்போது பானட் மூடவில்லை.

லியோ அதன்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தான். பானட் நெளிந்தது.

“சின்னதுக்கே போயிடலாமாக்கா?”

“பானட்டைக் கழட்டு.”

“மழை வந்தா?”

“நனையட்டும்.”

வியாழன் மாலை எஞ்சினை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு, கடை ஜன்னல்கள் அதிர வந்து, நேராக முன்வரிசையில் நிறுத்தினாள் வெர்னா.

ராய்ஸ் ஓடிவந்தார். “இங்க பானட்டைத் திறக்கற வழக்கமில்லம்மா. பெயிண்ட்ல விரல்ரேகை படும்.”

“நான் எங்க திறந்தேன்? அது வீட்டுல இருக்கு.”

“பெரிய எஞ்சின்தான்னு நான் எப்படி நம்பறது?”

“எட்டிப் பாருங்க.”

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பின்வரிசைக்காரர்கள் ஹாட் டாக்கும் கையுமாக எழுந்து வந்துவிட்டார்கள்.

“சரி, என்னுதைப் பார்த்தாச்சு,” என்றாள் வெர்னா. “உங்களுதையும் காட்டுங்க. ஒத்துப் பார்க்கலாம்.”

“சாவி வீட்டுல இருக்கு.”

“சாவி இல்லாமலா ஓட்டிட்டு வந்தீங்க?”

ராய்ஸ் பக்கத்துக் காரைப் பார்த்தார். அதன் சொந்தக்காரர் தன் பானட் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது என்றார். அடுத்தவருக்குத் திடீரென்று சர்ச் கூட்டம் நினைவுக்கு வந்தது. காரைக் கிளப்பிக்கொண்டு போனார், பூனை மாதிரி, சத்தமே இல்லை.

“இன்னிக்கு யாராவது ஒருத்தர் திறந்தாத்தான் இங்கேருந்து நகருவேன்!” என்றாள் வெர்னா, இடுப்பில் கைவைத்து.

மடக்கு நாற்காலியில் இருந்த ராய்ஸின் மனைவி மாவிஸ், வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

“பாவம், விட்டுடும்மா. இந்த வரிசைக்குப் பெரிய எஞ்சின் வர்றது இதுதான் முதல் தடவை.”