தக்காளியால் வந்த பாதிப்பு

ஆல்டர் ஓடை, கலிபோர்னியா
மே 14, செவ்வாய்

அன்பு மிக்க லார்க் அக்காவுக்கு,

உன் தங்கை ஜூனிபர் வணக்கத்துடன் எழுதுவது. அப்பா, ஃபெர்ன், நான் மூவரும் உடம்பளவில் சுகம். அங்கே டேல் அத்தானின் முழங்கால் உட்பட எல்லாரும் எல்லாமும் சுகமாக இருக்க வேண்டும்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, காபி கூடப் போடாமல், நகர மன்ற அலுவலகத்துக்குப் போய் வாசல் கதவில் ஒட்டியிருந்த "தக்காளி வாடல் நோய்: இலவச ஆலோசனை, புதன் காலை பத்து மணி" என்ற தாளைக் கிழித்தேன். எழுத்தர் என்ற முறையில் அதை ஒட்டியவளும் நான்தான். இந்த ஊரில் விற்பதற்கென்று தக்காளி பயிரிட்டவர் யாருமில்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அப்படியிருக்க அந்தத் தாள் அங்கே எப்படி வந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

பிப்ரவரியில் ஃபெர்ன் அப்பாவின் டப்பாவிலிருந்து மூன்று மிட்டாய் எடுத்துத் தின்றுவிட்டு எழுபது மைல் தள்ளி ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், அங்கே டாக்டர்கள் ஒன்றரை மணி நேரம் காரணம் தெரியாமல் விழித்ததையும் அப்போதே புலம்பி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு பெற்ற தாய் என்னிடம் அவள் பேசுவது மூன்று சொல்தான்: "ம்", "சரி", "சாப்பிட்டாச்சு". பதினான்கு வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று சொல்கிறார்கள். ஆனால் செவ்வாய்தோறும் பள்ளிக்கு வருகிற மனநல ஆலோசகர் இமெல்டாவிடம் முக்கால் மணி நேரம் பேசுகிறாள். நான் வெளியே காரில் உட்கார்ந்திருப்பேன், இப்போதும் அங்கிருந்துதான் எழுதுகிறேன். சில வாரம் அவள் சிரிப்பது ஜன்னல் வழியாகக் கேட்கும். இமெல்டாவின் வேலை ஜூனோடு முடிகிறது. பள்ளியால் அவரை வைத்துக்கொள்ள முடியாது. அடுத்த ஆலோசகர் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில், ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் மாநிலத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியதால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு மானியம் உண்டு, பள்ளி ஆலோசகர் சம்பளத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம். ஒரே நிபந்தனை, என்ன பாதிப்பு என்பதை ஊர்க்காரர்களையே கேட்டு எழுத வேண்டும். நான் கேள்வித்தாள் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். நாற்பத்தொரு பதில் வந்தது. ஓட்டுப் போடக்கூட இத்தனை பேர் வருவதில்லை.

பதில்களை நீ பார்த்திருக்க வேண்டும். "தக்காளி விலை விழுந்ததில் என் மனைவி ஐடஹோவுக்குப் போய்விட்டாள்." "மேட்டு வீட்டுக்காரன் தக்காளிக்கு ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிட்டான், மீன் இல்லை." "பசங்க தக்காளி புகைச்சுட்டு வண்டி ஓட்டுறாங்க." ஒருவர் மட்டும், "எங்கள் வீட்டில் தக்காளி இருந்ததே இல்லை, இதைக் கேட்கச் சொன்னது யார்?" என்று எழுதிக் கையெழுத்தைக் கிறுக்கி அழித்திருந்தார். எல்லாவற்றையும் நானே தட்டச்சு செய்தேன், நானே தொகுத்தேன், "தக்காளியின் தாக்கம்" என்று நானே தலைப்பும் போட்டு அனுப்பினேன். பட்டம் வாங்கியவள், பன்னிரண்டு வருடம் எழுத்தராக இருப்பவள், ஓர் இடத்தில்கூட எனக்கு உறுத்தவில்லை அக்கா. தலைக்கு மேலே போலீஸ் ஹெலிகாப்டர் சுற்றிய காலத்தில், அந்தச் செடிக்கு ஊரே வைத்த மறைபெயர் அது. சட்டம் மாறி எத்தனையோ வருடம் ஆயிற்று, நாக்குக்கு இன்னும் யாரும் போய்ச் சொல்லவில்லை.

மாநிலத்தில் யாரோ விண்ணப்பத்தை வேளாண்மைத் துறைக்குத் திருப்பிவிட்டார்கள். அவர்கள் பிரீட்டோ என்ற ஆய்வாளரை அனுப்பினார்கள். பாவம், நல்ல மனிதர், மண் சோதிக்கும் பெட்டியும் தொப்பியுமாக வந்தார். அவர் பாலம் தாண்டுவதற்குள் மலை முழுக்கப் போன் அடித்துவிட்டது, "வெள்ளை வண்டி வருது, கதவைப் பூட்டு"ன்னு. ஒரு வீட்டிலும் ஆள் இல்லை, நாய்தான் இருந்தது. நம்ம அப்பா மட்டும் தப்பி ஓடாமல் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். அதற்கு முதல் நாளே கடைக்குப் போய் பன்னிரண்டு தக்காளிச் செடி வாங்கி வந்து, தொட்டியோடு மண்ணில் புதைத்து வைத்திருந்தார். பிரீட்டோ ஒவ்வொன்றாகக் குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்தார். விலைச் சீட்டு அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "செடிகள் ஆரோக்கியம், பாதிப்பு ஏதுமில்லை" என்று எழுதி எனக்கு ஒரு நகலும் மாநிலத்துக்கு ஒரு நகலும் அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்காக ஒரு முகாம் நடத்தலாம் என்று அந்தத் தாளையும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆக, எங்கள் ஊருக்குப் பாதிப்பே இல்லை என்பது அரசாங்க முத்திரையோடு கோப்பில் ஏறிவிட்டது. போன வாரம் மானியப் பிரிவிலிருந்து ஒசுனா என்ற அம்மா போன் செய்தார். எதிரே மேயர் பெர்னீஸ் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடம் உரமும் குழாயும் விற்றவள், யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை இன்றுவரை யாரிடமும் சொல்லாதவள்.

"மேடம், தக்காளியை எப்படிங்க புகைப்பாங்க?" என்றார் ஒசுனா.

"அது தக்காளி இல்லீங்க."

"அப்ப என்ன?"

பெர்னீஸ் வேண்டாம் என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "உங்களுக்கே தெரியும்" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றதுங்க? எழுத்துல வேணும். ஒரே ஒருத்தர் போதும், தனக்கு நடந்ததை, அந்த வார்த்தையைப் போட்டு, சொந்தப் பேர்ல எழுதிக் கொடுக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

நேற்று மாலை கூட்டம் போட்டோம். அறுபது பேர். யார் எழுதுவீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். பலரிடம் இன்னும் பயிரிடும் உரிமம் கிடையாது, அது ஒரு பக்கம். உரிமம் இருப்பவர்களும் வாயைத் திறக்கவில்லை. பெர்னீஸ் என்னைப் பார்த்து, "ஜூனி, விடு. இந்த ஊர்ல ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் எழுதிக் கொடுக்கிற பழக்கம் இல்ல" என்றாள். தன்னைப் பற்றித்தானே எழுதச் சொல்கிறேன் என்றேன். பின்வரிசையிலிருந்து அப்பா எழுந்தார். "நாப்பது வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லாம இருந்துதான் ரெண்டு பொண்ணுங்களைக் காலேஜுக்கு அனுப்பினேன். இப்ப அதைச் சொல்லித்தான் பேத்தியைப் பேச வைக்கணுமா?" என்றார். கைதட்டினார்கள். நான் குறிப்பேட்டில் "விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முடிவு" என்று எழுதினேன்.

அதனால்தான் இன்று காலை தாளைக் கிழித்தேன். வெள்ளிக்குள் திரும்பப் பெறும் கடிதமும் போய்விடும். அப்பா மேல் எனக்குக் கோபமில்லை, அவர் சொன்னது கணக்கில் சரியாகத்தான் வருகிறது. ஆறு மாதம் ஓடிவிடும், பிறகு ஃபெர்னைச் செவ்வாய்தோறும் நானே நகரத்துக்குக் கூட்டிப்போவேன். நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. கிளம்பி வரவும் வேண்டாம்.

அத்தானுக்கு என் மரியாதை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். ஆண்டவர் உங்கள் கூரையையும் குழாய்களையும் சேர்த்துக் காப்பாராக.

உன் தங்கை,
ஜூனிபர்

பின்குறிப்பு: டாக்டர்கள் விழித்தார்கள் என்று எழுதியது பொய். பிப்ரவரியில் எழுதியதும் அதே பொய்தான். உள்ளே போன அடுத்த நிமிடமே ஒரு பெண் டாக்டர் தெளிவாகக் கேட்டார், "இவ என்ன சாப்பிட்டா?" என்று. நான் "தக்காளி" என்றேன். மறைக்க நினைக்கவில்லை அக்கா, வாயில் அதுதான் வந்தது. அவர் அப்படியே எழுதிக்கொண்டு ஒவ்வாமைக்கு மருந்து கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் ஃபெர்ன் படுத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், நாக்குக் குழற, மிட்டாயில் கலந்திருந்ததன் சரியான பெயரை நர்ஸிடம் சொன்னது அவள்தான். கேள்வித்தாளில் நாற்பத்தொன்றாவது பதில் என்னுடையது: "தக்காளியால் வீட்டில் ஒரு சின்னச் சங்கடம்."

திரும்பப் பெறும் கடிதத்தை நான் எழுதப் போவதில்லை. டாக்டர் கேட்டதையும் நான் சொன்னதையும் எழுதி, கீழே என் முழுப் பெயரைப் போடப் போகிறேன். இதுவரை யாருக்கும் தெரியாது. பெர்னீஸுக்கு அது தபாலில் போன பிறகு தெரியும். அப்பாவிடம் நாளை சொல்வேன். ஃபெர்னிடம் இன்னும் பத்து நிமிடத்தில், அவள் வந்து கார் கதவைச் சாத்தியதும், படித்துக் காட்டி, அனுப்பலாமா என்று கேட்கப் போகிறேன். அதன் முதல் சொல்லே கஞ்சா.