கம்ப்யூட்டருக்குள் ரெண்டு கிலோ வெட்டு

இனிமேல் தேங்காய் துருவுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

சின்ன முடிவு இல்லை. முப்பத்தாறு வருஷமாகத் துருவுகிறேன். நாளுக்கு ஒரு காய். பெருக்கிப் பாருங்கள். ஒரு கூட்ஸ் ரயில் நிறையும். என் வலது தோள் இடது தோளைவிட ஒரு அங்குலம் கீழே இறங்கிவிட்டது. தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் என்னை முதுகை வைத்தே அடையாளம் சொல்கிறார்கள்.

காரணம் கம்ப்யூட்டர்.

சிரிக்க வேண்டாம். 1988இல் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்னத்துரை ஆஸ்திரேலியா போனார். போகும்போது நாய், கட்டில், புல் வெட்டுகிற மெஷின் எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். கணக்கப்பிள்ளையான எனக்கு ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர் கிடைத்தது. சோற்றுத் தட்டு அளவு. வயரை டீவியில் செருக வேண்டும். புரோகிராம் எல்லாம் பாட்டுக் கேசட்டில் வரும். நாயைக் கேட்டிருக்கலாம்.

கூடவே ஒரு பத்திரிகையும் கொடுத்தார். அதில் ஒரு விளையாட்டு. நாலு பக்கமும் வெறும் எண்கள். அத்தனையையும் பிழையில்லாமல் அடித்தால் விளையாட்டு வருமாம். நான் வாசித்தேன். என் மனைவி பேச்சியம்மா அடித்தாள். எனக்குப் பொறுமை கிடையாது. அவளுக்கு விரல் வேகம். கல்யாணத்துக்கு முன் எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்த கை. நாலு ஞாயிற்றுக்கிழமையில் அடித்து முடித்து, கேசட்டில் பதிந்தாள்.

மேலிருந்து ஆப்பிள் விழும். கூடையில் பிடிக்க வேண்டும். பிடித்தால் ‘டிங்’. மலைநாட்டில் ஆப்பிளுக்கு என்ன வேலை? கொழுந்து என்று வைத்துக்கொண்டோம். ஒரு டிங் ஒரு கிலோ. ஒருவர் ஆடிய பிறகு மற்றவர். கடைசியில் யார் எத்தனை கிலோ என்று திரையில் வரும். ஞாயிறு காலை ஆட்டம். தோற்றவர் வாரம் முழுக்கத் தேங்காய் துருவ வேண்டும்.

விதியைப் போட்டவன் நான். ‘வீட்டுக்கு ஆம்பளை முதல்ல ஆடுவான்’ என்று இன்னொரு விதியும் போட்டேன். அதுவும் நான்தான்.

முப்பத்தாறு வருஷத்தில் மூன்று தரம் ஜெயித்தேன். ஒரு தரம் அவளுக்குக் கண் நோய். ஒரு தரம் தும்மல். ஒரு தரம் எங்கள் கல்யாண நாள். அன்றைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று இப்போது தோன்றுகிறது.

சந்தேகம் போன மாதம்தான் வந்தது. என் மூக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. விழுகிற பச்சைக் கட்டி தெரிந்தது. கூடையில் விழுந்ததா என்று தெரியவில்லை. அதனால் டிங்கை எண்ணினேன். முப்பத்தொன்று. முடிந்ததும் திரையில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். இருபத்தொன்பது.

அடுத்த ஞாயிறும் எண்ணினேன். முப்பத்துமூன்று டிங். திரையில் முப்பத்தொன்று. பேச்சியம்மாவுக்கும் எண்ணினேன். முப்பத்திரண்டு டிங். திரையிலும் முப்பத்திரண்டு.

அதாவது நான் ஜெயித்திருக்கிறேன். ஜெயித்துக்கொண்டே துருவியிருக்கிறேன்.

நேரே பஜாருக்கு இறங்கினேன். பைஸர் அங்கே ரேடியோ, டீவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பழைய மெஷின் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு.

“பைஸர், கம்ப்யூட்டருக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும்.”

“நம்பர்தானே ஐயா எழுதியிருக்கு.”

“அது எனக்கும் தெரியும். அந்த நம்பர் என்ன சொல்லுது?”

“அதுக்கு டிஸ்அசெம்ப்ளர் வேணும்.”

“குடிக்கிறதா, பூசுறதா?”

“புரோகிராம் ஐயா! மெஷினுக்கு மட்டும் விளங்குற நம்பரை மனுஷனுக்கு விளங்குற கட்டளையா மாத்திக் காட்டும். ‘இத எடு, அதோட கூட்டு, அங்க வை’ன்னு வரி வரியா. என்கிட்ட இருக்கிறது நல்ல வகை. சும்மா கொட்டிட்டுப் போகாது. நீங்க கேட்டா காட்டும். இன்ன இடத்துக்குப் போன்னா போகும். வரிக்குப் பக்கத்துல குறிப்பு எழுதி வைக்கலாம். நம்பரை மாத்தவும் செய்யலாம்.”

“மாத்தலாமா?”

“மாத்தலாம். ஏன் ஐயா கண்ணு அப்படி மின்னுது?”

“கண்ணாடி புதுசு.”

வெறும் கேசட் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. பைஸர் அந்தப் புரோகிராமைச் சத்தமாகவே என் போனில் ஏற்றித் தந்தான். போனிலிருந்து ஒரு வயர், கம்ப்யூட்டரின் காதுக்கு. சத்தத்தைக் கூட்டி ஓடவிட வேண்டும். ஆறு நிமிஷம். நடுவில் ஒரு இருமல்கூட நுழையக் கூடாது.

வியாழக்கிழமை காலை. பேச்சியம்மா குசினியில் சமையல். கதவைச் சாத்தினேன். ஓடவிட்டேன். மழை நாளில் நூறு தவளையைத் தகர டின்னில் போட்டுக் குலுக்கிய மாதிரிச் சத்தம். திரையில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடின. ஐந்தாவது நிமிஷம். போன் அடித்தது.

“என்னாங்க, டீ குடிக்கிறீங்களா?”

“நீ எங்கருந்து பேசுற?”

“குசினியிலருந்து.”

“குசினியிலருந்து போனா? பத்தடி தூரம் வர முடியாதா?”

“கதவைச் சாத்தியிருக்கீங்களே. மரியாதையா இருக்கட்டும்னுதான்.”

கோடுகள் நின்றன. மெஷின் செத்தது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். நாலாவது நிமிஷம், பென்ஷன்காரர் குழுவில் கணேசமூர்த்தி ரோஜாப்பூ போட்டு ‘இனிய காலை வணக்கம்’ அனுப்பினான். ‘டுங்’ என்றது. அந்த டுங்கும் கம்ப்யூட்டருக்குள் போனது. மறுபடியும் சாவு. கணேசமூர்த்தியை அன்றே குழுவிலிருந்து தூக்கினேன். அவன்தான் குழுவின் தலைவர் என்று பிறகு தெரிந்தது. தூக்கியது என்னையே என்றும் தெரிந்தது.

மூன்றாவது தடவை போனை விமானத்தில் வைக்கிற நிலைக்கு மாற்றினேன். இனி யாரும் கூப்பிட முடியாது. ஆறாவது நிமிஷம் முடியப் போகிறது. கதவு திறந்தது.

“வீட்டுக்குள்ள என்னாங்க சத்தம்? பூனை கீனை மாட்டிக்கிச்சா?”

“சர்வீஸ் பண்றேன்.”

“எதுக்கு?”

“பழைய மெஷின். உள்ள அழுக்கு இருக்கும்.”

“இருக்கும், இருக்கும்” என்றாள். “நல்லாப் பாருங்க.”

டீயை வைத்துவிட்டுப் போனாள். திரையில் புரோகிராம் வந்து நின்று, எங்கே போக வேண்டும் என்று கேட்டது. முப்பத்தாறு வருஷத்தில் இந்த வீட்டில் என் விருப்பத்தைக் கேட்ட முதல் ஜீவன்.

விளையாட்டுக் கேசட்டையும் ஏற்றினேன். வரி வரியாக இறங்கினேன். கூடையை நகர்த்து. கொழுந்தை இறக்கு. டிங் அடி. வியாழன் போனது. வெள்ளி மத்தியானம் அந்த இடம் அகப்பட்டது. விளையாட்டு முடிகிற இடம். அங்கே மெஷின் சொன்னது இதுதான்: ஆடியவர் ஒன்றாம் ஆளா என்று பார். ஆமென்றால், எடையில் ரெண்டை வெட்டு.

பத்திரிகையைத் தேடி எடுத்து எண்களை ஒத்துப் பார்த்தேன். பத்திரிகையில் அப்படி ஒன்றுமே இல்லை. நான் வாசித்ததில் இல்லாதது, அவள் அடித்ததில் இருந்தது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கணக்கப்பிள்ளை ரெண்டு கிலோ வெட்டுவார். வெயில் காய்ந்தாலும் ஈரம் ஈரம்தான். நானும் வெட்டியிருக்கிறேன். பேச்சியம்மாவின் கொழுந்திலும் வெட்டினேன், பரிசம் போட்ட அன்றைக்குக்கூட. மற்றப் பெண்கள் தராசடியில் நின்று கத்துவார்கள். அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

இவளுக்கு இந்த வித்தை எப்படித் தெரியும்? மெஷினோடு வந்த தடிப் புத்தகத்தைப் புரட்டினேன். கட்டளைகள் இருக்கிற பக்கமெல்லாம் ஓரத்தில் மஞ்சள் கறை. அரைத்த மஞ்சள். விரல் அடையாளம் தெளிவாக இருந்தது. இத்தனை நாளும் கரப்பான் வேலை என்று நினைத்திருந்தேன்.

நியாயமான மனிதன் அந்த ரெண்டைப் பூச்சியமாக்கிவிட்டுப் போயிருப்பான். நான் நியாயமான மனிதன் இல்லை. துருவிய மனிதன். ‘ஒன்றாம் ஆளா’ என்ற இடத்தை ‘இரண்டாம் ஆளா’ என்று மாற்றினேன். வெட்டு ரெண்டை நாலாக்கினேன். வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு எழுந்திருக்கலாம். முடியவில்லை. நாற்பது வருஷம் செக்ரோல் என்ற சம்பளப் பேரேடு எழுதிய கை. ஒரு எண்ணை மாற்றினால் பக்கத்தில் காரணம், தேதி, சிறு கையெழுத்து மூன்றும் வேண்டும். இல்லாவிட்டால் அது திருத்தம் இல்லை, திருட்டு. வரிக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதினேன். ‘கா.சி.’ என்று ஒப்பமும் போட்டேன். காளிமுத்து சிவசாமி. மெஷினுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். பரவாயில்லை, விஷயம் தமிழ்.

கம்ப்யூட்டரை அணைத்தால் எல்லாம் போய்விடும். டீவியை மட்டும் அணைத்தேன். திரை கறுப்பானது. ரகசியம் பத்திரம். சனிக்கிழமை முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே தேங்காய் துருவினேன்.

“கடைசித் தேங்கா மாதிரி துருவுறீங்க?” என்றாள் பேச்சியம்மா.

“யாரு கண்டா?” என்றேன்.

ஞாயிறு. பைஸரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தேன். ரொட்டியும் சம்பலுமாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தான். நான் டீவியைப் போட்டேன். விளையாட்டைத் தொடங்கினேன். நாற்காலியை இழுத்தேன். பேச்சியம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இன்னைக்கு நான் முதல்ல ஆடுறேங்க. அடுப்புல பருப்பு கிடக்கு.”

“முடியாது. நான்தான் முதல்ல.”

“பருப்பு அடி புடிச்சிரும்.”

“பிடிக்கட்டும்.”

“ஏங்க, முதல்ல ஆடினா என்னா, ரெண்டாவதா ஆடினா என்னா? ஒரே மெஷின், ஒரே கொழுந்து. இதுல என்னா வித்தியாசம் இருக்கு?”

பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை.

“அதானே ஐயா, என்ன வித்தியாசம்?” என்றான் பைஸர். என் ரொட்டியைத் தின்ற வாய்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையும் பறந்தன. நான் எண்ணினேன். நாற்பது டிங். திரையில் நாற்பது. ஒரு கிலோ குறையவில்லை.

எழுந்து இடம் விட்டாள். “ம். ஆடுங்க.”

மனக்கணக்குப் போட்டேன். என் வெட்டு என் தலையிலேயே விழப்போகிறது. நாலு. அப்படியானால் நாற்பத்தைந்து பிடிக்க வேண்டும். என் வாழ்நாளில் முப்பத்தாறைத் தாண்டியதில்லை. ஆனால் என் வலது தோள் முப்பத்தாறு வருஷத் தோள். அன்றைக்கு அது எனக்காக ஆடியது. முப்பது. நாற்பது. கண்ணாடி மூக்கில் வழுக்கியது. நாற்பத்துமூன்று. பைஸர் எழுந்து நின்றுவிட்டான். நாற்பத்துநாலு. நாற்பத்தைந்து!

“ஜெயிச்சேன்!” என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

திரையில் எண் வந்தது. முப்பத்தொன்பது.

“ஒரு கிலோ குறையுதுங்க” என்றாள் பேச்சியம்மா. “தேங்கா சாக்குலதான் இருக்கு.”

“நாப்பத்தஞ்சு எடுத்தேன்டீ! எண்ணினேன்!”

“எண்ணினா போதுமா? நிறுவையில முப்பத்தொம்பதுதானே காட்டுது.”

“எனக்கும் நாப்பத்தஞ்சு மாதிரித்தான் கேட்டிச்சு” என்றான் பைஸர் மெல்ல.

நாலு வெட்டினால் நாற்பத்தொன்று. முப்பத்தொன்பது எப்படி வரும்? ரத்தம் தலைக்கு ஏறியது. ரத்தம் ஏறினால் எனக்கு ஞாபகசக்தி இறங்கிவிடும்.

“இதுல கள்ளம் இருக்கு! இவ பண்ணின கள்ளம்! உள்ள எழுதியே இருக்கு. பைஸர், நீயே வாசி!”

விசையை அழுத்தினேன். டிஸ்அசெம்ப்ளர் வந்தது. வெட்டு விழுகிற வரிக்குப் போ என்றேன். சொன்ன பேச்சைக் கேட்கிற புரோகிராம். நேரே போய் நின்றது.

பைஸர் குனிந்து எழுத்துக் கூட்டி வாசித்தான்.

“‘திருத்தம். ஒன்றாம் ஆளுக்குப் பதில் இரண்டாம் ஆள். ரெண்டுக்குப் பதில் நாலு. கா.சி.’ அப்புறம் வெள்ளிக்கிழமைத் தேதி.” நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “ஐயா, கா.சி. யாரு?”

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே நல்ல மூட்டம். ஒன்றும் தெரியவில்லை. அவள் அந்தக் காலத்தில் போட்ட வெட்டு இப்போது எங்கேயும் இல்லை. அதை அழித்து மேலே எழுதியவன் நான்தான்.

பேச்சியம்மா பருப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டாள்.

“கீழ இன்னொரு வரியும் இருக்கு ஐயா” என்றான் பைஸர். “‘பார்த்தேன். நாலு போதாது. ஆறாக்கியிருக்கிறேன். பே.’ சனிக்கிழமைத் தேதி.”

நானும் குனிந்து பார்த்தேன். காரணம், தேதி, ஒப்பம் எல்லாம் முறைப்படி இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை.