திரும்பி வரும் தட்டு

மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் படுக்கையறைக் கதவுக்கு முன்னால் மண்டியிட்டு, சூப்புக் கிண்ணத்தின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்தபோதே அப்படித்தான் இருந்தது. மனைவியின் கோபம் எப்போதும் அந்த அறைக்குள்தான் குடியிருக்கும். குளியலறையும் உள்ளேயே இருந்ததால், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கும்.

எல்லாம் அவர் நாக்கு செய்த வேலை. ஒரு விருந்துக்காகப் பெரிய ஓட்டலுக்குப் போய்வந்தவர், மறுநாள் காலை மனைவி வைத்த தட்டைப் பார்த்துச் சும்மா இருந்திருக்கலாம். "இது வயித்துக்கு. நேத்து சாப்பிட்டது வாய்க்கு" என்று சொல்லித் தொலைத்தார்.

"அப்படியா சங்கதி? இனிமே நீங்களே ஓட்டல் நடத்துங்க. எனக்குப் பிடிக்கலேன்னா அக்கா வீட்டோட போயிடறேன். உங்களோட இனி ஒரு பேச்சு கிடையாது."

அந்த அக்கா வீட்டுப் பேச்சுதான் அவரை உலுக்கிவிட்டது. தன்னுடைய சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுகூட அவளைக் கேட்டால்தான் அவருக்குத் தெரியும். போன் பண்ணிப் பார்க்கவும் வழியில்லை. கோபம் வந்தால் முதலில் அணைவது அவள் போன்தான். ஆகவே ஒரு பிரபல சமையல் நிபுணரின் புத்தகத்தை வாங்கிவந்து களத்தில் இறங்கிவிட்டார்.

நிபுணர் முன்னுரையிலேயே மிரட்டியிருந்தார். தட்டைச் சூடாக்கு, விளிம்பைத் துடை, மணியைத் தட்டிவிட்டு விலகிப் போ. ஓட்டல் சமையல்காரன் சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. திரும்பி வரும் தட்டைத்தான் பார்க்கிறான். முகம் பொய் சொல்லும், தட்டு சொல்லாது.

கண்ணாடிக்கடைக்காரருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. கோபமான முகத்தைப் பார்க்க வேண்டாமே! கடை மேஜையிலிருந்து எடுத்துவந்த மணியை 'டிங்' என்று தட்டிவிட்டு அடுக்களைக்கு ஓடினார். தாழ்ப்பாள் மெல்ல விலகும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கத் துடித்த கழுத்தை அடக்கிக்கொண்டு அடுப்பைப் பார்த்து நின்றார்.

கிண்ணம் அப்படியே திரும்பி வந்திருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கொதிக்கக் கொதிக்க வைத்த சூப்பு, விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சில்லிட்டிருந்தது.

"அம்மாடி, அவ்வளவு கோபமா!" என்றார்.

மறுநாள் வெண்ணெயில் வறுத்த கோழி. பொன்னிறமாக வெந்த சதை தொடப்படவில்லை. எலும்பை ஒட்டி, சரியாக வேகாமல் சிவந்து கிடந்த இடம் மட்டும் சுரண்டித் தின்னப்பட்டிருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் துள்ளிக் குதித்தார். "அப்படிச் சொல்லு! பெரிய ஓட்டல்ல எல்லாம் அரைவேக்காடுதானே!"

கீரையைக்கூடக் குழையக் குழைய வேகவைக்கிறவளுக்கு இது எப்படிப் பிடித்தது என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, ருசி மாறாதா என்ன, என்று விட்டுவிட்டார். அதற்கடுத்த நாள் அடுப்பில் பாதி நேரம்தான் வைத்தார். அதற்கும் அடுத்த நாள் கறியை அடுப்புக்குக் காட்டியதோடு சரி. வேக்காடு குறையக் குறையத் தட்டு சுத்தமாக வந்தது. கடைசியில் எலும்பையும் காணோம்.

"எலும்பையெல்லாம் எங்கம்மா போட்டே?" என்று கதவைப் பார்த்துக் கேட்டார்.

பதிலுக்கு இரண்டு முறை தட்டும் சத்தம். கதவின் அடியில், தரையை ஒட்டி.

இன்னும் வேண்டும் என்கிறாள்! அவர் இன்னொரு கோழியை எடுத்தார்.

காலையில் கடைக்குக் கிளம்பியவரைக் கீழ்வீட்டுத் தையல்காரர் படிக்கட்டில் மறித்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பகலெல்லாம் அண்ணி கட்டிலை இழுக்கறாங்களா?"

"கொஞ்சம் கோபமா இருக்கா."

"பாட்டு வேற பாடறாங்க."

"பாட்டா? அவளுக்குப் பாட வராதேப்பா."

"வரலதான். ஆனா விடாம பாடறாங்க. மிஷினை நிறுத்திட்டுக் கேட்டேன். ஒரு வார்த்தை புரியல. அன்னையிலேருந்து கத்தரிக்கோலைப் பக்கத்துல வச்சுட்டுத்தான் படுக்கறேன்."

"பாட ஆரம்பிச்சுட்டான்னா கோபம் தணியுதுன்னு அர்த்தம்" என்று அவர் பூரித்துப்போனார். ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்க்கிற மனுஷன். என்ன பிரயோசனம்?

அப்படியும் அன்று சாயங்காலம் திரும்பி வந்த தட்டைக் கையில் எடுத்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பீங்கான் விளிம்பில் ஒரு துண்டு குறைந்திருந்தது. உடைந்தது போல இல்லை. பிஸ்கட்டைக் கடித்தது போல அரைவட்டமாக இருந்தது. கதவிடுக்கிலிருந்து ஈரமண் வாசனை வந்தது. உள்ளே விளக்கு எரியவில்லை. ஆனால் இடுக்கின் அந்தப் பக்கம் யாரோ முகத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு அவர் கால்களைப் பார்ப்பது போல மூச்சு மட்டும் கேட்டது.

பாவி, இவளை இப்படித் தரையில் கிடந்து அழ வைத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். நிபுணராவது, விதியாவது! கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இங்க பாரு, நான் சொன்னது தப்புதான். என் நாக்குல சூடு வைக்கணும். நீ வைக்கிற சாப்பாட்டுக்கு எந்த ஓட்டலும் ஈடாகாது. என்னை விட்டுப் போயிடாதே, கேட்டியா? இங்கேயே இரு. என்னிக்கும் இந்த வீட்டோடவே இரு."

உள்ளே மூச்சு நின்றது. கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல், நிதானமாகச் சொன்னது:

"இருக்கேன்."

"அழுது அழுது தொண்டையே கட்டிப்போச்சே உனக்கு!" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் அழைப்பு மணி அடித்தது. ஓடிப்போய்த் திறந்தார். மூன்று மாடி ஏறிய இளைப்போடு மனைவியின் அக்கா வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சகலை, வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க. நாங்க சமாதானம் ஆயிட்டோம். இப்பத்தான் வாயைத் திறந்து பேசினா!"

"அப்பாடா, போன்லயே பேசி முடிச்சுட்டீங்களா?" என்று சகலை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "சண்டை போட்ட அன்னைக்கே எங்க வீட்டுக்கு வந்தவ, கீழ வண்டியிலேருந்து பெட்டியை இறக்கிட்டிருக்கா. போய் ஒரு கை கொடுங்க தம்பி."