தூதர் வேஷத்தில் பெல் அண்ணன்

அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர் கோலார் தங்கவயலிலேயே ஒருவர்தான். எங்கள் பெல் அண்ணன். சுரங்கம் ஓடிய காலத்தில் ஆட்களை இறக்கும் கேஜ் என்ற இரும்புக்கூண்டுக்கு மணியடித்தவர். கீழே ஒருவன் இருமினால்கூட மணியடித்து ஊரைக் கூட்டிவிடுவார் என்பார்கள். மார்க்கெட்டில் இரண்டு பேர் அடித்துக்கொண்டால் நடுவே புகுந்து இருவரிடமும் உதை வாங்கி வருவார்.

இப்படிப்பட்டவருக்கு நாடகப் பைத்தியம் வேறு. போன வருடம் எங்கள் சர்ச் நாடகத்தில், பைபிள் கதைப்படி, அண்ணன்மார் சேர்ந்து தம்பியைக் குழியில் தள்ள வேண்டும்; பிறகு எகிப்துக்குப் போகும் வியாபாரிகளிடம் அவனை அடிமையாக விற்க வேண்டும். அண்ணன்களில் ஒருவராக நடித்த இவர், குழிக்குள் குதித்துத் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தம்பி எகிப்துக்குப் போகாமலே நாடகம் முடிந்தது. "இன்னொரு தடவ இப்படி ஆச்சின்னா உங்களுக்கு மேடையே கிடையாது" என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். அண்ணன் அன்றைக்குச் சாப்பாட்டையே தொடவில்லை.

இந்த வருடம் பெங்களூரிலிருந்து ஒரு கொரியத் தம்பதி விருந்தினராக வருவதாக இருந்தது. பள்ளி வாத்தியாரான நான் அவர்கள் நாட்டுச் சுதந்திரப் போராட்டத்தையே நாடகமாக எழுதினேன். ஜப்பான்காரன் ஆட்சி. சியோல் தெருவில் வெறுங்கையோடு முழக்கமிடும் ஜனங்களைப் போலீஸ் அடிக்கிறது. தூதரக ஜன்னலில் ஒரு வெளிநாட்டுத் தூதர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அசையாமல் நிற்கிற வேஷம்தானே என்று அதை அண்ணனுக்குக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒத்திகையின் முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா சார் இது? பொண்ண போட்டு அடிக்கிறான், இவரு பாத்துகினே இருப்பாரா?"

"தலையிடக் கூடாதுன்னு அவங்க கவர்மெண்ட் ஆர்டர் அண்ணே."

"மன்சுல இன்னாதான் நெனச்சாரு?"

"கொரியாக்காரங்க பக்கம்தான் நியாயம்னு நெனச்சாரு. ஊருக்கு ரிப்போர்ட் எழுதினாரு."

"நெனச்சவருக்குக் கால் இல்லியா?"

"சும்மா நின்னா போதும் அண்ணே, மேடை உங்களுக்கு நிலைக்கும்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

நாடகத்தன்று நான் திரையோரம் நின்றேன். முன்வரிசையில் கொரியத் தம்பதி, பக்கத்தில் பாஸ்டர். கொடி பிடித்த பெண்ணாக நடித்த ஸ்டெல்லா கீழே விழுந்தாள். போலீஸ்காரன் தடியை ஓங்கினான். பாஸ்டரின் கண் அண்ணன் மீதே இருந்தது. அண்ணன் அசையவில்லை. அட்டை ஜன்னலை இறுகப் பிடித்திருந்தார். தடி இறங்கியது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இந்த மனிதரை இப்படி நிற்க வைத்துவிட்டேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"போங்க அண்ணே!" என்று கத்திவிட்டேன்.

அட்டை ஜன்னலைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தார். போலீஸ்காரன் தடியைப் போட்டுவிட்டு நிஜமாகவே ஓடினான். அண்ணன் ஸ்டெல்லாவைத் தூக்கி நிறுத்தி, "அடி பட்டுச்சாம்மா?" என்றார். அரங்கமே அதிர்ந்தது. கொரியப் பெரியவர் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாஸ்டர் அண்ணனையும் என்னையும் சேர்த்தே மேடையை விட்டு நீக்கிவிட்டார்.

அந்தத் தூதரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு ஆர்டர் அப்படி. ஆனாலும் அன்றைய சியோலில், ஏதாவது ஒரு ஜன்னலில், எங்கள் பெல் அண்ணன் நின்றிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.